பிட்ச்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே விழும் பள்ளம்

கோல்ஃபில் குழியை நெருங்கும் குறுந்தூர அடிகளுக்கான, முகம் நன்றாகச் சாய்ந்த கிளப்புகள் (மட்டைகள்) வெட்ஜுகள். பிட்ச்சிங் வெட்ஜை முழு ஸ்விங்கில் (வீச்சில்) அடித்தால் பந்து கிரீனை, அதாவது குழி இருக்கும் குட்டைப் புல்தரையை, தாண்டிப் போய் விழுகிறது. சாண்ட் வெட்ஜை எடுத்தால் கிரீனுக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறது. கொடி நிற்பதோ 97 யார்டில். அந்தத் தூரத்துக்கென்று பையில் கிளப் எதுவும் இல்லை. ஆடுபவர் பிட்ச்சிங் வெட்ஜையே எடுத்து, கையைத் தளர்த்தி, கொஞ்சம் மெதுவாக அடிக்கப் பார்ப்பார். கிளப் கீழே வரும்போது வேகம் செத்து, பந்துக்கு முன்பே தரையில் இடிக்கும். பந்து பாதி வழியில் நின்றுவிடும். ஸ்விங்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுநாள் பயிற்சிக்குப் போவார். உண்மையில் கோளாறு இருப்பது பையில்.

இந்தப் பள்ளம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1970களின் அயர்ன் (எண்ணிட்ட உலோகத் தலைக் கிளப்) செட்டுகளில் பிட்ச்சிங் வெட்ஜின் லாஃப்ட், அதாவது கிளப் முகத்தின் சாய்வு, 50 டிகிரியை ஒட்டி இருந்தது. சாண்ட் வெட்ஜ் 55 அல்லது 56 டிகிரி. நடுவில் ஐந்தாறு டிகிரிதான்; அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு அயர்ன்களின் எடையைத் தலையின் அடியிலும் பின்பக்கத்திலும் ஒதுக்கும் வடிவமைப்புகள் வந்தன. எடை தாழ்ந்தால் பந்து தானாக உயரமாக எழும்பும். அந்த உயரத்தைக் கட்டுப்படுத்த லாஃப்டைக் குறைத்தார்கள். கூடவே தூரமும் கிடைத்தது. தூரம் நன்றாக விற்கும் சரக்கு என்பதால் லாஃப்ட் இன்னும் இறங்கியது. இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்கான செட்டுகளில் பிட்ச்சிங் வெட்ஜ் 43 முதல் 45 டிகிரி வரை இருக்கிறது. சிலவற்றில் 41, 42கூட உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான மெல்லிய அயர்ன் செட்டுகளில் மட்டும் இன்னமும் 46, 47 டிகிரியில் நிற்கிறது.

சாண்ட் வெட்ஜ் மட்டும் ஏன் இறங்கவில்லை? அதன் லாஃப்டைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, மணல். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரசன் ஒரு கிளப்பின் அடிப்பகுதியில் உலோகத்தை ஒட்டித் தடிமனாக்கி, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி செய்து, 1932இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் நடந்த ஓப்பன் சாம்பியன்ஷிப்பை வென்றார். மணலில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும் அந்தக் கிளப்பின் வேலை இன்றும் மாறவில்லை. அதனால் அது 54, 56 டிகிரியிலேயே நிலைத்துவிட்டது. மேலே இருக்கும் கிளப் விலகிப் போக, கீழே இருப்பது அசையவில்லை. 6 டிகிரியாக இருந்த இடைவெளி 12, 13 டிகிரியாக விரிந்தது. அதை அடைக்கத்தான் கேப் வெட்ஜ் பிறந்தது. ஒரு நிறுவனம் அதில் 'ஏ' என்று பொறிக்கும், இன்னொன்று 'ஜி' என்றோ 'யு' என்றோ பொறிக்கும். எல்லாம் ஒரே வேலைக்கான கிளப்தான்.

எழுத்தைப் பார்த்து வெட்ஜ் வாங்குவதுதான் முதல் தவறு. இரண்டாவது தவறு, கண்ணை மூடிக்கொண்டு 52, 56, 60 என்று மூன்றை வாங்குவது. பிட்ச்சிங் வெட்ஜ் 48 டிகிரியாக இருந்த காலத்தில் இது அழகான கணக்கு. நான்கு நான்காக இறங்கும். 43 டிகிரி பிட்ச்சிங் வெட்ஜோடு இதைச் சேர்த்தால் முதல் படி 9 டிகிரி, அடுத்த இரண்டும் 4 டிகிரி. அதிகமாக அடிக்க நேரும் தூரத்தில் பெரிய பள்ளம், எப்போதோ தேவைப்படும் இடத்தில் நெருக்கமான படிகள். பணம் மூன்று கிளப்புக்குப் போயிருக்கும், பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும்.

எனவே தொடக்கம் எப்போதும் உங்கள் பிட்ச்சிங் வெட்ஜின் உண்மையான லாஃப்ட். தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் அது இருக்கும், ஆனால் அதையும் முழுக்க நம்ப வேண்டாம். உற்பத்தியில் ஒரு டிகிரி முன்பின் இருப்பது சகஜம். பிட்ச்சிங் வெட்ஜ் ஒரு டிகிரி குறைவாகவும், புதிதாக வாங்கும் கேப் வெட்ஜ் ஒரு டிகிரி கூடுதலாகவும் அமைந்துவிட்டால், காகிதத்தில் 4 டிகிரியாக இருந்த இடைவெளி கையில் 6 ஆகிவிடும். கிளப் பழுதுபார்ப்பவரிடம் லாஃப்டையும் லையையும் (தண்டு தரையோடு அமையும் கோணம்) அளக்கும் கருவி இருக்கும். எல்லா வெட்ஜையும், 9 அயர்னையும் கொண்டுபோய் அளந்துகொள்வது சில நிமிட வேலை.

அடுத்தது தூரம். இங்கே கணக்கில் எடுக்க வேண்டியது கேரி மட்டுமே, அதாவது பந்து காற்றில் பறந்து முதலில் தரையைத் தொடும் வரையிலான தூரம். உருளும் தூரம் கிரீனின் கடினத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். 8 அயர்ன், 9 அயர்ன், பிட்ச்சிங் வெட்ஜ், கையிலிருக்கும் மற்ற வெட்ஜுகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து. ஒரே கிளப்பில் பத்தையும் தொடர்ந்து அடித்தால் கடைசியில் அடிக்கும் கிளப்புக்குக் களைப்பின் கணக்குத்தான் வரும். ஐந்தைந்தாகப் பிரித்து, இரண்டாவது சுற்றில் வரிசையைத் தலைகீழாக்கி அடியுங்கள். ஒவ்வொரு கிளப்பிலும் மிகத் தூரம் போன இரண்டையும் மிகக் குறைந்த இரண்டையும் தள்ளிவிட்டு, மீதி ஆறின் சராசரியை எடுங்கள். ஒருமுறை பிரமாதமாக விழுந்த அடியை 'என் தூரம்' என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பந்தைத் தள்ளத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டு விஷயங்கள் இந்த அளவையே கெடுக்கும். ஒன்று, பயிற்சிப் பந்து. அதன் தோல் கெட்டியானது, தேய்ந்தும் இருக்கும். வெட்ஜில் சுழற்சி குறைந்து, தூரமும் உயரமும் வேறாக வரும். போட்டியில் ஆடும் அதே பந்தில் ஒரு டஜன் எடுத்துக்கொண்டு போவது நல்லது. மற்றொன்று, செயற்கைப் புல் விரிப்பு. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இடித்தாலும் கிளப் விரிப்பில் வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும். உண்மையான புல்லில் அதே அடி பாதித் தூரம் போகாது. பந்தின் வேகத்தையும் தூரத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவி கிடைக்காதவர்கள் வெறிச்சோடிய மாலையில் ஒரு கிரீனுக்கு எதிரே நின்று, லேசர் ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம் பார்த்து, பந்து விழுந்த குழிகளை நடந்து போய்ப் பார்க்கலாம். அலுப்பான வேலைதான், ஆனால் குழி பொய் சொல்லாது.

அளந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர வேகத்தில் அடிக்கும் ஒருவருக்கு இப்படி வருகிறது: 8 அயர்ன் 33 டிகிரி, 138 யார்டு, 9 அயர்ன் 38 டிகிரி, 126, பிட்ச்சிங் வெட்ஜ் 43 டிகிரி, 114, சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி, 80. மேலே 12 யார்டு படிகளாக ஒழுங்காக இறங்கி வந்த ஏணி, கடைசியில் 34 யார்டு தாவுகிறது. 13 டிகிரிக்கு 34 யார்டு என்றால் டிகிரிக்கு சுமார் 2.6 யார்டு. இந்த எண்தான் சாவி. இது ஒவ்வொருவருக்கும் வேறு.

நடுவில் ஒரே ஒரு வெட்ஜை 50 டிகிரியில் வைத்தால் கேரி 96 அருகில் வரும். படிகள் 18, 16. சமாளிக்கலாம், ஆனால் மேலே இருக்கும் 12ஐவிடப் பெரியவை. இரண்டு வெட்ஜ் வைக்க இடம் இருந்தால் 48, 52 என்று வைக்கலாம்: 114, 101, 91, 80. ஏணி சீராகிவிட்டது. மூன்றாவது வழி, சாண்ட் வெட்ஜையே மாற்றி 48, 54, 60 என்று அமைப்பது: 114, 101, 85, பிறகு 70க்குக் கீழே. கீழ்ப்படிகள் பெரிதானாலும் உயரமாகத் தூக்கி அடிக்க ஒரு கிளப் கிடைக்கிறது. சராசரி ஆட்டக்காரருக்கு இந்த மூன்றாவது அமைப்புதான் பெரும்பாலும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. காரணம் பின்னால் வருகிறது.

இதையே மெதுவாக அடிக்கும் ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். பிட்ச்சிங் வெட்ஜ் அதே 43 டிகிரி, ஆனால் 87 யார்டு. சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி, 65 யார்டு. 13 டிகிரிக்கு 22 யார்டு மட்டுமே, டிகிரிக்கு 1.7. இவருக்கு 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் போதும்: 87, 75, 65. இவர் தலையில் வெட்ஜுக்கு வெட்ஜ் நான்கு டிகிரி என்ற விதியைக் கட்டினால் ஆறேழு யார்டு வித்தியாசத்தில் கிளப்புகள் அடுக்கப்படும். அவருடைய அடிகளின் சிதறலே அதைவிட அதிகமாக இருக்கும். ஆக, '4 டிகிரி' என்பது வேகமாக அடிப்பவர்களுக்கான சுருக்குவழி. மெதுவாக அடிப்பவர் 6 டிகிரி, சில சமயம் 7 டிகிரி விட்டாலும் நஷ்டமில்லை.

பார்க்க வேண்டியது யார்டுதான் என்பதற்கு ஒரு நல்ல சான்று, லாஞ்ச் மானிட்டர் நிறுவனமான டிராக்மேன் முன்பு வெளியிட்ட தொழில்முறைச் சராசரிகள். அவற்றில் பிஜிஏ டூரில் (அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறைத் தொடர்) 9 அயர்னின் கேரி 148, பிட்ச்சிங் வெட்ஜ் 136. எல்பிஜிஏ டூரில் (பெண்கள் தொடர்) 119, 107. வேகம் எவ்வளவோ வேறு, படி மட்டும் இரண்டிலும் அதே 12 யார்டு.

புதிய வெட்ஜ் எந்த வகை என்பதும் தூரத்தை மாற்றும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அயர்ன் செட்டோடு வரும் கேப் வெட்ஜ், பிட்ச்சிங் வெட்ஜின் தம்பி: குடைந்த பின்பக்கம், மெல்லிய முகம், அதே ஷாஃப்ட் (தண்டு). தனியாக விற்கும் வெட்ஜ் கெட்டியான உலோகக் கட்டி. இரண்டிலும் 48 டிகிரி என்று பொறித்திருந்தாலும் செட்டோடு வருவது சில யார்டு கூடுதலாகப் போகும், பந்து மையத்தில் படாத அடியையும் கொஞ்சம் மன்னிக்கும். பிட்ச்சிங் வெட்ஜுக்கு அடுத்த கிளப்பை முழு ஸ்விங்கில்தான் பெரும்பாலும் அடிப்பீர்கள் என்றால் அதைச் செட்டிலிருந்தே எடுப்பது புத்திசாலித்தனம். 54க்கு மேல் போகும்போது தனி வெட்ஜுக்கு மாறலாம்; அங்கே மன்னிப்பைவிட அடிப்பாகத்தின் வடிவம் முக்கியம்.

ஷாஃப்டும் சத்தமில்லாமல் வேலையைக் காட்டும். செட்டில் 60, 70 கிராம் கிராஃபைட் ஷாஃப்ட் இருக்க, தனி வெட்ஜ் 130 கிராம் அளவுள்ள ஸ்டீல் ஷாஃப்டோடு வந்தால், அதே கை, அதே மனசு, வேறு தாளம். வேகம் குறையும், பள்ளம் மறுபடி விரியும். நீளத்தையும் பாருங்கள். வெட்ஜுகள் பொதுவாக 35 முதல் 35.75 அங்குலம். பிட்ச்சிங் வெட்ஜ் 36 அங்குலமாகவும் அடுத்தது 35.25ஆகவும் இருந்தால், லாஃப்டைக் கணக்குப் போட்டது வீண்.

இனி 60 டிகிரி விவகாரம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டாம் கைட் 1980களின் தொடக்கத்தில் குறுந்தூர ஆட்டப் பயிற்சியாளர் டேவ் பெல்ஸின் யோசனையில் மூன்றாவது வெட்ஜாக 60 டிகிரியைப் பையில் சேர்த்த பிறகு அது பரவியது. இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கெல்சன் 64 டிகிரிவரை போனவர். இந்தக் கிளப்பை முழு ஸ்விங்கில் அடிப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க, முகத்தில் காய்ந்த ஷூ பவுடரையோ மார்க்கரையோ பூசி ஐந்து பந்து அடியுங்கள். தடங்களில் ஒன்றிரண்டு மேல் விளிம்பை ஒட்டி இருக்கும். முகம் அவ்வளவு சாய்ந்திருப்பதால் தலை பந்துக்கு அடியில் நழுவுகிறது. மேலே பட்ட பந்து செங்குத்தாக எழுந்து, சுழற்சி குறைந்து, பத்துப் பதினைந்து யார்டு முன்பே விழும். கீழ்க்கோடுகளில் பட்ட பந்து தாழ்வாகப் பாய்ந்து கிரீனைத் தாண்டும். ஒரே ஸ்விங், இரண்டு முடிவு. லாஃப்ட் கூடக்கூட சுழற்சியும் கூடிக்கொண்டே போகும் என்பதும் இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் பந்து முகத்தைப் பற்றாமல் வழுக்க ஆரம்பிக்கும்.

ஆகவே வெட்ஜுகளை இரண்டு சாதியாகப் பார்ப்பது நல்லது. 52 டிகிரிவரை உள்ளவை தூரத்துக்கான கிளப்புகள். அவற்றுக்கு இடைவெளிக் கணக்கு கறாராகப் பொருந்தும். 58, 60 வகையறா அடி வகைக்கான கிளப்புகள்: பங்கர் (மணல் குழி), கொடிக்கும் பந்துக்கும் நடுவே இடம் குறைந்த சிப் (கிரீனருகே அடிக்கும் சின்ன அடி), 40 யார்டு அரை ஸ்விங். அங்கே முழு ஸ்விங் தூரம் 70ஆ 66ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. 48, 54, 60 அமைப்பில் கீழ்ப்படிகள் பெரிதாக இருப்பது உறுத்தாததற்கு இதுதான் காரணம். 54, 56 நடுவில் நின்று இரண்டு வேலையும் செய்யும். முகத்தைத் திறந்து பிடித்தால் 56 டிகிரி வெட்ஜிலேயே 60 டிகிரியின் உயரம் வந்துவிடும். பங்கருக்காக மட்டும் லாப் வெட்ஜ் (இந்த 60 டிகிரி வகை) வாங்க நினைப்பவர், முதலில் இருப்பதைத் திறந்து அடித்துப் பார்க்கட்டும்.

பவுன்ஸ் பற்றிச் சொல்லாமல் லாஃப்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. கிளப்பின் அடிப்பாகம் முன்விளிம்புக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் கோணம் அது. 4 முதல் 6 டிகிரி குறைவு, 7 முதல் 10 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். செங்குத்தாக இறங்கிப் பெரிய புல் துண்டைப் பெயர்ப்பவருக்கும், தளர்ந்த மணலுக்கும், ஈரத் தரைக்கும் அதிக பவுன்ஸ். புல்லைத் துடைத்தாற்போல் அடிப்பவருக்கும் இறுகிய தரைக்கும் குறைவு. எல்லா வெட்ஜிலும் ஒரே பவுன்ஸ் வாங்குவதைவிட, 54, 56இல் அதிகமாகவும் 60இல் குறைவாகவும், அல்லது தலைகீழாகவும் வைத்துக்கொண்டால் எந்தத் தரையிலும் ஏதாவது ஒன்று உதவும்.

வாங்கியபின் லாஃப்டை வளைத்துச் சரிசெய்ய முடியும், ஆனால் அது பவுன்ஸையும் இழுத்துக்கொண்டு போகும். லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும், கூட்டினால் கூடும். 56 டிகிரி, 10 பவுன்ஸ் உள்ள வெட்ஜை 54க்கு வளைத்தால் கையில் இருப்பது 54க்கு 8. ஈர மணலுக்கு அதுவே நல்லதாக இருக்கலாம், தளர்ந்த மணலில் புதையும். தலையை இடுக்கியில் இறுக்கிக் கழுத்தில் கம்பியை மாட்டி நெம்பும் வேலை இது. ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) மென்மையான கார்பன் ஸ்டீல் இரண்டு டிகிரிவரை தாங்கும். வார்ப்பில் செய்த கெட்டியான ஸ்டெயின்லெஸ் தலை கழுத்தில் விரிசல் விடக்கூடும். ஒரு டிகிரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால் வளைக்க வேண்டிய நிலை வரும் என்று தெரிந்தால் எந்த உலோகம் என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நான்காவது வெட்ஜுக்கு இடம் எங்கிருந்து வரும்? கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் யூஎஸ்ஜிஏ 1938இலும் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ 1939இலும் பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது என்று வரம்பு போட்டன. இன்றைக்கும் அதே எண்தான். பையின் மறுமுனையைப் பாருங்கள். 4 அயர்னும் 5 அயர்னும் ஐந்து யார்டு வித்தியாசத்தில் போய் விழுகின்றன என்றால் அவற்றில் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கிறது. நடுத்தர வேகக்காரர் பலரின் பையில் இது நடக்கும். லாஃப்ட் குறைந்த அயர்னைத் தூக்கிப் பறக்கவைக்கும் வேகம் அவர்களிடம் இருப்பதில்லை. அதை எடுத்துவிட்டு 48ஐ வையுங்கள்.

கிளப் முகத்தில் வெட்டியிருக்கும் கோடுகள் தேய்ந்தாலும் கணக்கு மாறும். 2010 முதல் 25 டிகிரி அல்லது அதற்கு மேல் லாஃப்ட் உள்ள கிளப்புகளின் முகக்கோடுகளுக்கு அளவும் விளிம்புக் கூர்மையும் கட்டுப்படுத்தப்பட்டன. அதனால் புதிய வெட்ஜுகூட அந்தக் காலத்தியதைப் போலக் கடிக்காது. தேய்ந்த வெட்ஜில், குறிப்பாக ஈரப் புல்லிலிருந்து அடிக்கும்போது, பந்து மேலே எழும்பி, சுழற்சி இழந்து, விழுந்தபின் ஓடும். அதிகம் மணலில் பழகும் சாண்ட் வெட்ஜ்தான் முதலில் தேயும். அதை மாற்றும்போது மற்றவற்றையும் மறுபடி அளந்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தபிறகும் முழு ஸ்விங் தூரங்களுக்கு நடுவே சில இடங்கள் மிஞ்சும். அவற்றை அடைப்பது கிளப் அல்ல, ஸ்விங்கின் நீளம். டேவ் பெல்ஸ் பரப்பிய கடிகார முறை இதற்கு எளியது: இடது கையைக் கடிகார முள்ளாக நினைத்து, பின்னால் ஏழரை, ஒன்பது, பத்தரை மணிவரை எடுத்து, ஒவ்வொரு முறையும் முன்னால் முழுதாக முடிப்பது. வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை, நீளம் மட்டும் மாறும். நான்கு வெட்ஜ், மூன்று நீளம், பன்னிரண்டு தூரங்கள். அவற்றையும் பந்து அடித்து அளந்து எழுதும்போது 48இன் ஒன்பது மணியும் 54இன் பத்தரை மணியும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்: எதிர்க்காற்றில் தாழ்வாகப் போக 48, கொடி பங்கருக்குப் பின்னால் இருந்தால் உயரமாக இறங்க 54. பன்னிரண்டும் ஒரு ஸ்கோர் அட்டையின் பின்புறத்தில் அடங்கிவிடும்.